கணக்கில் இல்லாத பணம் யாருடையது?

கேள்வி:

காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு களத்தை நான்தான் பார்க்கிறேன். கணக்கு, ஆள் கூலி, லோடு ஏற்றுவது எல்லாம் என் கொழுந்தனார் மகன் பொறுப்பு. பதினோரு வருடமாக இருக்கிறான். கொப்பரையை நாங்கள் பருப்பு என்போம், அந்தப் பருப்புப் பணத்தில் இன்றுவரை ஒரு ரூபாய் முன்னே பின்னே ஆனதில்லை. போன மாதம், எங்களிடம் தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி) எடுக்கும் கரி ஆலைக்காரர் ஏதோ பாக்கி விஷயமாக எனக்கே போன் செய்தார். பேச்சுவாக்கில் கடைசி லோடின் எடையைச் சொன்னார். நோட்டில் இருந்தது வேறு. எடைமேடைக்குப் போய்ப் பழைய எடைகளை எல்லாம் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். லோடுக்கு ஆயிரம், ஆயிரத்து முந்நூறு கிலோ குறைத்து எழுதியிருக்கிறான். இரண்டு வருடத்துக்கு மூன்றரை லட்சம் தேறும்.

கேட்டதற்கு அழுதுவிட்டான். “திருப்பி வெச்சரலாம்னுதானுங்க பெரீம்மா எடுத்தேன். அதும் கணக்குலயே இல்லாத பணந்தானுங்களே” என்றான். பங்காளிகள் கூடிப் பேசினோம். பெரியவர் ஒருத்தர், “தேன் எடுத்தவன் பொறங்கைய நக்காம இருப்பானா, உடு” என்கிறார். என் அண்ணன் போலீசுக்குப் போ என்கிறார். கொழுந்தனார், குலதெய்வக் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்கிறார்.

பணம் கையில் புழங்கினால் நல்லவனும் கெட்டுப்போவானா? அவனுக்குச் சம்பளம் பதினெட்டாயிரம். கொரோனாவுக்குப் பிறகு ஏற்றவில்லை. ஏற்றிக் கொடுத்தால் சரியாகிவிடுவானா? போன வருடம் தங்கை மகளுக்கு மூன்று பவுன் போட்டு மாமன் சீர் செய்தான். ஊரே மெச்சியது. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒன்று மட்டும். தொட்டி, மட்டைப் பணத்தை நாங்கள் பில் இல்லாமல் ரொக்கமாகத்தான் வாங்குகிறோம். எல்லாக் களத்திலும் உள்ள வழக்கம்தான் அது. அதையும் இவன் செய்ததையும் ஒன்றாக்கிப் பேசிவிடாதீர்கள்.

— ஒரு வாசகி, காங்கேயம் வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ‘பருப்புப் பணத்தில் ஒரு ரூபாய் முன்னே பின்னே ஆனதில்லை’ என்று நீங்கள் எழுதியது ஒன்று. ‘கணக்குலயே இல்லாத பணந்தானுங்களே’ என்று அவர் சொன்னது இன்னொன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடந்தது புரிகிறது. பேச வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்ட விஷயத்தையும் நான் பேசியே ஆக வேண்டும். களக்கணக்கும் மில் கணக்கும் பார்த்தே பிழைப்பவன் என்ற முறையில், அதை விட்டுவிட்டு உங்களுக்கு நேர்மையான பதில் சொல்ல என்னால் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணம் புழங்கினால் நல்லவனும் கெடுவானா என்று கேட்கிறீர்கள். பணத்தைக் கண்டால் பிணமும் வாயைத் திறக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். தொகை கூடக்கூட ஆசையும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பர்சுகள். நம் கோயம்புத்தூரும் அந்தப் பட்டியலில் உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பர்ஸ். அதில் பெயர் அட்டை, ஒரு சாவி, உள்ளூர் மொழியில் எழுதிய மளிகைச் சீட்டு. சிலவற்றில் பணம் இல்லை, சிலவற்றில் கொஞ்சம் பணம். வங்கி, தபால் நிலையம், தியேட்டர், ஓட்டல் போன்ற இடங்களில் கவுண்டரில் இருப்பவரிடம் கொடுத்து, “வெளியே கிடந்தது, எனக்கு அவசரம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் பர்ஸ்காரருக்குத் தகவல் சொல்கிறாரா என்பதுதான் சோதனை.

பணம் இல்லாத பர்சுக்கு நூற்றில் 40 பேர் தகவல் சொன்னார்கள். பணம் இருந்த பர்சுக்கு 51 பேர். நாற்பதில் 38 நாடுகளில் இதே போக்கு. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றிலும் தொகையை ஏழு மடங்காக்கி மறுபடி பார்த்தார்கள். தகவல் சொன்னவர்கள் 72 ஆனார்கள். பொருளாதாரப் பேராசிரியர்களிடமே முன்கூட்டிக் கேட்டிருந்தார்கள், அவர்களாலும் இதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வாளர்கள் கண்ட காரணம் இரண்டு. பர்சைத் தொலைத்தவர்மேல் வரும் இரக்கம் ஒன்று. பணமே இல்லாத பர்சைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது சோம்பல், பணம் உள்ளதை வைத்துக்கொண்டால் ‘நான் திருடன்’ என்று தன்னைப் பற்றியே நினைக்க வேண்டி வரும் என்பது இன்னொன்று. தொகை கூடக்கூட அந்த எண்ணம் உறுத்தும்.

இதை உங்கள் களத்தில் வைத்துப் பாருங்கள். 2025-ல் பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டியது. பத்து டன் லோடு போனால் இருபது லட்சம். அந்த இருபது லட்சத்துக்கான சீட்டு அவர் கை வழியாகத்தான் போனது, வந்தது. அதில் அவர் கை வைக்கவில்லை. அவல்பூந்துறை ஏலத்துக்குப் போனாலும் எண்ணெய் மில்லுக்கு நேராகப் போனாலும் பருப்புக்கு எடை இருக்கிறது, விலை இருக்கிறது, பில் இருக்கிறது, பணம் பேங்கில் வந்து விழுகிறது. அது உங்களுடையது என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறது. அதில் எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு என்று அவருக்குத் தெரியும். தொட்டிப் பணம் அப்படி இல்லை. ஒரு சின்ன நோட்டில் மட்டும் இருக்கும் பணம் அது. எந்த நாளும் வெளிச்சத்துக்கு வராது, யாரும் கேட்க மாட்டார்கள், சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு பணமே இல்லை.

எடுத்த அளவையும் கவனியுங்கள். ஒரு லோடை முழுசாக மறைத்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மறைக்கவில்லை. ஆயிரம், ஆயிரத்து முந்நூறு கிலோதான். சுவிட்சர்லாந்தில் 2013-ல் வெளியான தாயக்கட்டை ஆய்வு ஒன்று இருக்கிறது. தனி அறையில் உருட்டிப் பார்த்து எண்ணை நீங்களே சொல்ல வேண்டும். ஒன்று விழுந்தால் ஒரு பிராங்க், ஐந்துக்கு ஐந்து பிராங்க், ஆறுக்கு ஒன்றும் இல்லை. யாரும் பார்க்க மாட்டார்கள். கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் பேர் உள்ளதைச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர் கூசாமல் ஐந்து என்றார். நடுவில் இருந்தவர்கள்தான் முக்கியம். பொய் சொல்வதென்று ஆன பிறகும் ஐந்து என்று சொல்லாமல் நாலு என்று சொன்னவர்கள் அவர்கள். ஒரு பிராங்க்கை விட்டுக்கொடுத்து, ‘நான் ஒன்றும் மோசமான ஆள் இல்லை’ என்ற நினைப்பைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் கொழுந்தனார் மகன் நாலு என்று சொன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது என் கணிப்பு. அவருக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. மனசாட்சி செத்துப்போன ஆளை ஒரு விதமாகவும், மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே எடுத்த ஆளை வேறு விதமாகவும் கையாள வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சமாதானம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். டொனால்டு கிரெசி என்ற அமெரிக்க சமூகவியலாளர், நம்பிக் கொடுத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார். 1953-ல் அதைப் புத்தகமாக எழுதினார். என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்கிற பாடம் அதிலிருந்து வந்ததுதான். அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேரும்போதே திருடும் எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு பணமுடை இருந்தது. யாருக்கும் தெரியாமல் எடுக்க ஒரு வழி இருந்தது. மூன்றாவதாக, எடுத்த பிறகும் தன்னை நம்பிக்கையான ஆளாகவே நினைத்துக்கொள்ள ஒரு சொல் இருந்தது. பெரும்பாலும் அந்தச் சொல் ‘கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்’ என்பது. அந்தச் சொல் மாட்டிக்கொண்ட பிறகு கண்டுபிடித்த சாக்கு இல்லை, எடுப்பதற்கு முன்பே மனதில் தயாராக இருந்தது என்று கிரெசி அழுத்திச் சொல்கிறார். சொல் கிடைத்த பிறகுதான் கை நீள்கிறது.

திருப்பி வெச்சரலாம்னுதான் என்று உங்கள் பையன் சொன்னதைப் பொய் என்று தள்ளாதீர்கள். முதல் லோடில் எடுத்தபோது அவர் அதை நம்பியும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை அவர் தனியாக உண்டாக்கவில்லை. உங்கள் பங்காளி பெரியவர் புறங்கைத் தேன் கதையைச் சொல்லி ஒரே நிமிடத்தில் மன்னித்துவிட்டார். அந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதாகப் பேசப்பட்டதா? கோயில் கணக்கில், சொசைட்டியில், ஊராட்சி வேலையில் யாராவது எடுத்தது தெரியவந்தபோதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தானே சொல்லியிருப்பார்கள்? பையன் அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறார். 1957-ல் சைக்ஸ், மாட்சா என்ற இரண்டு அமெரிக்கர்கள், தப்புச் செய்கிற இளைஞர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை ஆராய்ந்தார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை, குறை சொல்கிறவர்கள் மட்டும் யோக்கியமா, என் சொந்தக்காரர்களுக்காகத்தான் செய்தேன் என்கிற மாதிரியான பேச்சுகள்தான் அவை. நம் வீட்டுப் பேச்சில் இவை இல்லாத நாள் உண்டா? அந்தப் பெரியவர்மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் அவர் சொன்னது மன்னிப்பு ஆகாது. அடுத்து எடுக்கப்போகிறவனுக்கு அது அனுமதிச் சீட்டு.

சீர் விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கனமாகப் படுகிறது. பதினெட்டாயிரம் சம்பளக்காரர், பவுன் விற்கிற விலையில் மூன்று பவுன் போடுகிறார். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் ஒருவராவது, “கண்ணு, ஏது இவ்வளவு பணம்? கடன்கிடன் வாங்கினயா?” என்று கேட்டார்களா? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரு பவுனோடு நிறுத்தியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே சொல்ல முடியாத பணமுடை என்று கிரெசி எழுதியது அமெரிக்கச் சிறையில் கேட்டது. நம் நாட்டில் அது சீராக வரும், மகள் கல்யாணமாக வரும், பிள்ளையின் காலேஜ் பீசாக வரும். தொட்டிப் பணம் போனது அந்த மூன்று பவுனுக்குத்தானா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆன்லைன் ஆட்டமோ, கைமாற்றுக் கடனோ, வைத்தியச் செலவோ எதுவாகவும் இருக்கலாம். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்காமல் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும்.

பணத்தின் அளவுக்கும் பணத்தைப் பற்றிய எண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. ஹாங்காங்கில் வேலை பார்ப்பவர்களிடம் டாங், சியூ என்ற இருவர் செய்த ஆய்வு 2003-ல் வந்தது. ஒருவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதற்கும் தப்பான வழிக்குச் சாய்வதற்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. பணம்தான் மதிப்பு, பணம்தான் வெற்றி என்று எவ்வளவு ஆழமாக நம்புகிறார் என்பதற்குத் தொடர்பு தெரிந்தது. அந்த நம்பிக்கை உள்ளவருக்குக் கிடைக்கிற சம்பளம் எப்போதும் குறைவாகவே படுகிறது. அந்தக் குறை தப்பான பக்கம் தள்ளுகிறது. அந்த நம்பிக்கையைக் கொடுப்பது யார்? சொந்தபந்தம்தான். பைனான்ஸ் நடத்துகிற பங்காளி புது காரில் வந்து இறங்கினால் முன் வரிசையில் நாற்காலி போடுகிறோம். கணக்கெழுதுகிற பையன் பந்தி பரிமாறப் போகிறான். இதை மாற்ற ஒரு கடிதத்தால் முடியாது, தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டு விசேஷத்தில் அந்த நாற்காலியை எங்கே போடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது நீங்கள் தடுத்த இடத்துக்கு வருகிறேன்.

தொட்டி விற்ற பணத்துக்குத் தனி நோட்டு போட்டது யார்? உங்கள் வீட்டுக்காரர் காலத்திலிருந்து இருக்கும், அதை நீங்கள் தொடர்ந்திருப்பீர்கள். அந்த நோட்டைப் பதினோரு வருடமாக எழுதிவந்தது யார்? இவர்தான். வாரம் தவறாமல், கணக்கில் காட்டக் கூடாத பணத்தைத் தன் கையாலேயே எழுதி, எண்ணி, உங்களிடம் கொடுத்திருக்கிறார். சர்க்காருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிற பணம் திருட்டில்லை என்று அந்த நோட்டு அவருக்குப் பதினோரு வருடம் பாடம் சொல்லியிருக்கிறது. பெரியம்மாவுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டாலும் திருட்டில்லை என்று நினைக்க அவர் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கணக்குலயே இல்லாத பணந்தானுங்களே என்று அவர் அழுதுகொண்டு சொன்னது, உங்கள் களத்தின் வழக்கத்தை உங்களிடமே திருப்பிச் சொன்ன சொல்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. புருஷனை இழந்து தொழிலைத் தாங்கிப் பிடித்த நீங்கள் பிள்ளையாக நம்பிய ஒருவர், லோடுக்கு லோடு உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் எடை சொல்லியிருக்கிறார். அந்த வலி பெரியது. வரி கட்டாத குற்றத்தோடு அதைத் தட்டில் வைத்து நிறுக்க மாட்டேன். ஆனால் இரண்டும் நிற்பது ஒரே தரையில். அந்தத் தரையை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றினால், அடுத்து வருகிறவரும் அதே நோட்டைத்தான் கையில் வாங்குவார். அவரும் படித்துக்கொள்வார்.

எல்லாக் களத்திலும் உள்ள வழக்கம் என்கிறீர்கள். உண்மைதான். மழைக்காலத்தில் பருப்பு கறுக்காமல் இருக்கச் சல்பர் புகை போடுகிறவர்களும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள், உணவுப் பாதுகாப்புத் துறை வந்து மூட்டையைப் பறிமுதல் செய்கிற நிமிடம் வரை. நீங்கள் போடுகிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. போட்டால் நிறுத்திவிடுங்கள். மக்கள் சாப்பிடுகிற எண்ணெய் அது.

அடுத்தது சம்பளம். கூட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் திருட்டுக்கு மருந்தாகக் கொடுக்காதீர்கள். ஜெரால்டு கிரீன்பெர்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை முதலாளிகளிடம் நான் அடிக்கடி சொல்வது உண்டு. ஒரே கம்பெனியின் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளம் குறைத்தார்கள். ஒன்றில் மேலதிகாரி தொழிலாளர்களை உட்கார வைத்து, ஆர்டர் போனதை, கணக்கு நிலவரத்தை விவரமாகக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டிலும் திருட்டு கூடியது. ஆனால் மரியாதையோடு விளக்கம் சொன்ன ஆலையில் கூடியது கொஞ்சம், சொல்லாமல் விட்ட ஆலையில் கூடியது மிக அதிகம். பழைய சம்பளம் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, சம்பளம் குறைவு என்பதைவிட, தன்னை மதிக்கவில்லை என்ற மனக்குறைதான் கையை நீள வைக்கிறது என்பது. பருப்பு விலை ஏறிய வருடத்தில், ஒவ்வொரு லோடின் தொகையையும் தன் கையால் எழுதியவர் அவர். தன் சம்பளம் மட்டும் ஏறவில்லை என்பதையும் அவரேதான் கணக்கில் பார்த்தார். ஏன் ஏற்றவில்லை என்று நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது உடனே ஏற்றினால், எடுத்ததற்குப் பரிசு என்று களத்தில் தேங்காய் உடைக்கிறவர்கள் வரைக்கும் பேசுவார்கள். சித்திரையில் எல்லா ஆட்களுக்கும் கூலி பேசும்போது, அவருக்கும் சேர்த்துப் பேசுங்கள். அந்த வேலைக்கு வெளியில் என்ன சம்பளம் என்று விசாரித்து அதைக் கொடுங்கள்.

கற்பூரச் சத்தியத்துக்கு நான் ஆதரவு தர மாட்டேன். தெய்வ நம்பிக்கையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். பைபிளின் பத்துக் கட்டளைகளை நினைவுபடுத்தினால் ஆட்கள் ஏமாற்றுவதை நிறுத்துகிறார்கள் என்று 2008-ல் வந்த ஒரு பேர்பெற்ற ஆய்வு சொன்னது. பத்து வருடம் கழித்துப் பல ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. உறுதிமொழிக் கையெழுத்தைப் படிவத்தின் மேலேயே வாங்கினால் உண்மையை எழுதுவார்கள் என்று 2012-ல் வந்த ஆய்வு, அதன் தரவுகளில் ஒரு பகுதி புனையப்பட்டது என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வாசகமோ ஒரு கையெழுத்தோ ஆளை மாற்றிவிடும் என்று நம்பி நீங்கள் இறங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதோடு, பங்காளிகள் சூழ நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினால் அவருக்கு மிஞ்சுவது அவமானம்தான். அவமானப்பட்ட ஆள் உள்ளதைப் பேச மாட்டார்.

போலீசைப் பற்றி. முதலாளி நம்பிக் கொடுத்ததை வேலையாள் கையாடினால் பாரதிய நியாய சன்ஹிதா 316(4)-ன்படி ஏழு வருடம் வரை சிறை. அந்தச் சட்டம் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408-வது பிரிவு, தண்டனை அதேதான். உங்கள் அண்ணன் சொல்வது தப்பான யோசனை இல்லை, ஆனால் அதை முதல் படியாக எடுக்க நான் சொல்ல மாட்டேன். அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அழுதிருக்கிறார், பதினோரு வருடப் பருப்புக் கணக்கு சுத்தமாக இருக்கிறது. பேசி ஒப்புக்கொண்ட பிறகும் பணத்தைத் தராமல் இழுத்தாலோ, எடை விவரத்தை வைத்துக் கேட்கும்போது மழுப்பினாலோ, யோசிக்காமல் போங்கள்.

முதலில் அவரோடு தனியாக உட்காருங்கள். களத்தில் வேண்டாம், வீட்டில் வையுங்கள். எடை விவரத்தையும் நோட்டையும் முன்னால் வைத்து, லோடு லோடாக அவரையே கூட்டச் சொல்லுங்கள். தொகையை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் வாயால் வரட்டும். முதல் தடவை எடுத்தது எதற்கு என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நடுவில் திட்டினால் அவர் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார். பிறகு தொகையை எழுதி, இத்தனை மாதத்தில் இவ்வளவு என்று கையெழுத்து வாங்குங்கள். சம்பளத்தில் பிடிப்பதானால், மொத்தப் பிடித்தம் பாதிக்கு மேல் போகச் சட்டம் இடம் தராது. அவ்வளவு பிடிக்கவும் வேண்டாம். மாதம் ஐயாயிரம் என்றாலும் ஆறு வருடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆத்திரத்தில் ஒன்பதாயிரம் பிடித்தால், வீட்டுச் செலவுக்கு அவர் வேறு எங்காவது கை நீட்ட வேண்டி வரும்.

அவரை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. ஆனால் எடை எழுதுகிறவர் ஒருவர், பணம் வாங்குகிறவர் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள். எடைமேடைச் சீட்டை லாரி டிரைவர் அங்கேயே போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். கரி ஆலைக்காரர், மட்டை எடுக்கும் மில்காரர் இரண்டு பேரும் பில் போட்டுப் பேங்கில்தான் பணம் போட வேண்டும். “அப்படின்னா விலையைக் குறைப்பேனுங்க” என்பார்கள். குறைத்துக்கொள்ளட்டும். கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள், அதற்குப் பின்னாலும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதெல்லாம் நிற்க வேண்டுமானால் சின்ன நோட்டை மூட வேண்டும். அதை அவருக்குச் சொல்லாமல் மூடாதீர்கள். “இதுவரைக்கும் நாங்க செஞ்சதும் தப்புத்தான் கண்ணு, இனிமே தொட்டிப் பணம் பெரிய கணக்குலதான் வரும், நீயே எழுதோணும்” என்று நீங்கள் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருத்தர் இப்படிச் சொல்லி அவர் கேட்டே இருக்க மாட்டார். இதைச் சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். அவர் உங்கள் முன்னால் அழுததற்குப் பக்கத்தில் வைத்தால், இது பெரிய கஷ்டம் இல்லை.

விட்டுப்போன வருடங்களுக்கும் வழி இருக்கிறது. காட்டாமல் விட்ட வருமானத்தைச் சேர்த்துப் புதுப்பித்த வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய 2025 பட்ஜெட்டில் நான்கு வருட அவகாசம் தந்திருக்கிறார்கள். வரியும் வட்டியும் கட்டி, அந்தத் தொகையின்மேல் முதல் வருடத்துக்குள் என்றால் 25 சதவீதம் கூடுதல், இரண்டாவதில் 50, மூன்றாவதில் 60, நான்காவதில் 70. ஜி.எஸ்.டி. பக்கம் என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் ஆடிட்டர் பில் மாதிரியைப் பார்த்துச் சொல்வார். சின்ன நோட்டுகளை வருடவாரியாகப் பிரித்து, கூட்டுத்தொகை போட்டு, நீங்களும் உங்கள் கொழுந்தனார் மகனுமாகச் சேர்ந்தே அவரிடம் போங்கள். ஒவ்வொரு மார்ச் 31 தாண்டும்போதும் அந்தக் கூடுதல் சதவீதம் ஒரு படி ஏறிவிடும். பேச வேண்டியதைப் பேசி முடித்த வாரமே போய்விடுங்கள்.